எம்டிசி பட்ட கிளவுஸ், சூட்: கழுவிப் போடலாமா, தூக்கிப் போடணுமா?

ஷிப்ட்காரன்:
கடலூர் பக்கம் பல்க் டிரக் (மருந்து மூலப்பொருள்) கம்பெனில சால்வென்ட் சார்ஜிங் பண்றேன், அதாவது கரைப்பான்களை ரியாக்டர்ல ஏத்துற வேலை. எம்டிசி (மெத்திலீன் டைகுளோரைடு), டொலுவீன்னு கரைப்பான்கள், சில நாள் காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்). தடிமனான நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கிளவுஸ், பி.வி.சி. சூட் குடுத்திருக்காங்க. ஷிப்ட் முடிஞ்சதும் கழுவிக் காயப்போட்டு மறுநாளும் அதையே மாட்டணும். ஓட்டை, கிழிசல் எதுவும் இல்ல. ஆனா காலைல கிளவுஸுக்குள்ள கைய விட்டா எம்டிசி வாசனை, விரல்ல லேசா எரிச்சல். கிழியுற வரைக்கும் போடலாம்ங்கறார் சூப்பர்வைசர். சரியா?

பழைய_பிளான்ட்:
தப்பு தம்பி. உள்ளே வாசனை வந்துட்டா அந்த ஜோடி முடிஞ்சுது. சால்வென்ட்டுக்கு ஓட்டை தேவையில்ல, ரப்பர்லயே ஊறி மறுபக்கம் வந்துடும். கழுவினா மேல இருக்கறதுதான் போகும். ஊறினது நீ தூங்குற நேரத்துலயும் உள்பக்கமா நகர்ந்துக்கிட்டே இருக்கும். அதனால முதல் சொட்டு பட்டதுல இருந்து நேரம் கணக்கு வை. கழட்டி வெச்சாலும் அந்தக் கணக்கு நிக்காது.

எவ்வளவு நேரம் தாங்கும்னு கிளவுஸ் தயாரிக்கிறவங்க சார்ட்ல கெமிக்கல் வாரியா இருக்கும். எம்டிசிக்கு நேரா நைட்ரைலைப் பாரு, சில நிமிஷம்தான். அதுவும் ஆய்வகத்துல 23 டிகிரில எடுத்த கணக்கு. நம்ம ஊர் வெயில்லயும் கைச் சூட்டுலயும் இன்னும் சீக்கிரம் தாண்டும்.

லேப்_அக்கா:
சூப்பர்வைசர் நம்பலைன்னா இதைச் சொல்லுங்க. 1996ல அமெரிக்காவுல டார்ட்மவுத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் கையில டைமெத்தில் மெர்குரிங்கற கொடிய பாதரசச் சேர்மம் சில சொட்டு விழுந்துச்சு. லேடெக்ஸ் கிளவுஸ் போட்டிருந்தாங்க. மறு வருஷம் ஜூன்ல இறந்துட்டாங்க. பிறகு சோதிச்சா, அது அந்த மாதிரி கிளவுஸை 15 விநாடிக்குள்ள தாண்டுதாம். எம்டிசி அவ்வளவு கொடியது இல்லதான். ஆனா கிழியலைங்கறது எதுக்கும் சாட்சி இல்ல.

ஷிப்ட்காரன்:
அப்ப லை பட்ட சூட்டையும் போட்டுடணுமா அண்ணே? ஸ்டோர்ல அழுதாலும் புதுசு தர மாட்டாங்க.

பழைய_பிளான்ட்:
வேணாம். லை தண்ணில கரைஞ்ச சரக்கு, பி.வி.சி.க்குள்ள ஊறாது. நல்லா அலசு. தையல், ஜிப், முழங்கை மடிப்புல வெடிப்பு, விறைப்பு, பிசுபிசுப்பு இருக்கான்னு பாரு. இல்லைன்னா மறுபடி போடலாம். எம்டிசி தெறிச்ச பி.வி.சி. வேற கதை. அதை இளக்கமா வெச்சிருக்கற எண்ணெயை எம்டிசி உறிஞ்சிடும், காய்ஞ்சா அட்டை மாதிரி ஆயிடும். ஒதுக்கிடு. தோல் ஷூ நனைஞ்சாலும் அப்படித்தான், ஊறினது வெளிய வராது.

ஒதுக்கினதை அபாயக் கழிவு டிரம்லயே போடு. சும்மாதானே கிடக்குன்னு வீட்டுத் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போற ஆளுங்களைப் பார்த்திருக்கேன்.

எம்டிசிக்கு ஸ்டோர்ல பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால் பூசின) கிளவுஸ் கேளு, நல்லாத் தாங்கும். ஆனா பழக்கதோஷத்துல அதைத் தண்ணில கழுவிடாதே, பூச்சு கரைஞ்சிடும்.