வாட்டர் வாஷ் விட்டு வந்தா வண்டி பூரா கோடு, ரப்பிங் போடலாமா?

திசையன்விளை வண்டிக்காரன்:
போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போறதுக்கு முன்ன கருநீலக் காரை வாட்டர் வாஷ் விட்டேன், அங்கன நின்ன பையன் ஒரே வாளில துணிய முக்கி முக்கித் தேய்ச்சான், அப்ப ஒண்ணும் தெரியல. மறுநா காலைல வெயில்ல பானெட்டைப் பாத்தா வட்ட வட்டமா சிலந்தி வலை கெட்டுன மாதிரி கோடு. நாலு வருசமா புள்ள மாதிரி வச்சிருந்த வண்டி, வயிறு எரியுது. ரப்பிங் போட்டாப் போயிருமா அண்ணாச்சி?

பேட்டை பெயிண்டர்:
போயிரும், கவலைப்படாதிய. மிஷின்ல பஃப்புங்கிற பஞ்சு வட்டை மாட்டி, சொரசொரப்பான காம்பவுண்டு பசை போட்டுத் தேய்ச்சு, பொறவு அதைவிட மெல்லிசான பாலிஷ் அடிச்சா கண்ணாடி மாதிரி வந்துரும். அரை நாள் வேலை. தள்ளிப் போடாம உடனே செய்ங்க.

பாளை கருப்பு வண்டி:
உடனேல்லாம் வேண்டாம். ரப்பிங்னா கோட்டை அழிக்கது இல்ல, கோட்டைச் சுத்தி இருக்க பெயிண்டைச் செதுக்கி மட்டம் பண்ணுதது. கம்பெனி பெயிண்டு மொத்தமே 100லேருந்து 150 மைக்ரான்தான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் சேந்தாத்தான் ஒரு மில்லிமீட்டர்), அதுல மேல உள்ள நிறமில்லாத பூச்சு, அதான் கிளியர் கோட்டு, 40, 50 தேறும், அவ்வளவுதான். வருசா வருசம் தேய்ச்சா அது எங்க மிஞ்சும்? எங்க சித்தப்பா வண்டில பானெட்டு ஓரத்துல கிளியர் தேஞ்சு வெள்ளை வெள்ளையா உரியுது, அதுக்கு ரீபெயிண்டைத் தவிர வழியே இல்ல.

பேட்டை பெயிண்டர்:
தம்பி, ஓரத்துல மிஷினை அமுக்குனவன் தப்பு அது. ஓரத்துல பெயிண்டு மெலிசா இருக்கும், அங்கன டேப் ஒட்டிட்டுத்தான் ஓட்டணும். கையால வேக்ஸ் மட்டும் தடவுனா கோடு மறையும், ரெண்டு மூணு வாஷ்ல திரும்ப வந்துரும், அதுக்குச் செலவழிச்சு என்ன பிரயோசனம்?

பாளை கருப்பு வண்டி:
மறைஞ்சாப் போதும்னு நான் சொல்லல அண்ணாச்சி, முதல்ல ஆழத்தைப் பாக்கணும்னு சொல்லுதேன். விழுந்த கோட்டு மேல கொஞ்சம் தண்ணி தொட்டு வைங்க, காணாமப் போச்சுன்னா கிளியர்லதான் இருக்கு, பாலிஷ்லயே போகும். நகத்தைக் குறுக்க மெதுவா ஓட்டும்போது தட்டுச்சுன்னா எந்த காம்பவுண்டும் எடுக்காது. இன்னொண்ணு, உங்க பக்கம் இட்டமொழி தேரி மணலு ஆனி ஆடிக் காத்துல வண்டி மேல செவசெவன்னு படிஞ்சு கெடக்கும், அதை வெறுந்துணியால துடைச்சாலே எமரி பேப்பர் போட்ட மாதிரிதான். கழுவுத முறைய மாத்தாம ரப்பிங் போட்டா அடுத்த மாசமே அதே வலை வந்துரும்.

பேட்டை பெயிண்டர்:
கழுவுத விசயம் சரிதான், ஒத்துக்கிடுதேன். முதல்ல வெறுந்தண்ணிய பீச்சி மணலை இறக்கிட்டுத்தான் துணியே படணும். சோப்புக்கு ஒரு வாளி, துணிய அலசுததுக்கு ஒரு வாளி. ஆனா விழுந்த கோட்டுக்கு மிஷின் வேணும், அதுல மாத்தமில்ல.

திசையன்விளை வண்டிக்காரன்:
தண்ணி தொட்டுப் பாத்தேன், பானெட்டுல எல்லாமே மறையுது, டிரைவர் கதவு கைப்பிடி பக்கத்துல ஒண்ணு மட்டும் நகத்துல தட்டுது. அது போக பானெட்டு மூலைல ஒரு சாண் அளவுக்குக் கையாலயே பாலிஷ் போட்டேன், முக்கா மணி நேரம் ஆச்சு, தோள்பட்டை விட்டுப் போச்சு, கோடு முக்காவாசி போயிட்டு. முழு வண்டியும் கையால ஆகாது, அதனால மிஷின்ல மெல்லிசு பாலிஷ் மட்டும் அடிக்கச் சொல்லப் போறேன், காம்பவுண்டு வேண்டாம். கதவுக் கோடு அப்படியே கெடக்கட்டும்.

பேட்டை பெயிண்டர்:
கதவுக் கோட்டை அப்படியே விடாதிய, தகரம் தெரிஞ்சா உப்புக்காத்துல துரு ஏறிரும். அதே கலர்ல டச்சப் பெயிண்டு ஒரு சொட்டு வச்சு விடுங்க.

பாளை கருப்பு வண்டி:
இதுல அண்ணாச்சி சொல்லுததுதான் சரி.