டிக்கியில் நைட்ரஸ் பாட்டில், ரோட்டில் கார்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன்

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, நைட்ரஸ் மாட்டினால் போலீஸ் பிடிக்குமா?" பிடிக்கும், பிடிக்காது என்று பட்டென்று சொல்லிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. யார் கேட்கிறார், எப்போது கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அதனால் சட்டம் படித்தவர்கள்தான் என்றில்லை, இந்த விஷயத்தில் எதையாவது நேரில் பார்த்த எல்லாரும் எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்று. நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் இல்லை, தானாக எரியாது. காற்றில் எடைக் கணக்கில் சுமார் 23 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, நைட்ரஸில் 36 சதவீதம். என்ஜின் சூட்டில், 300 டிகிரி செல்சியஸ் வாக்கில், அது உடைந்து ஆக்சிஜனை விடும். ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம், பவர் ஏறும். திரவமாகப் பீய்ச்சப்பட்டு உடனே ஆவியாகிற பொருள் என்பதால் உள்ளே போகும் காற்றையும் நன்றாகக் குளிர வைக்கும். கூடவே போக வேண்டிய பெட்ரோல் போதவில்லை என்றால் பிஸ்டன் போயிற்று. அப்படிப்பட்ட ஒரு பிஸ்டன் எங்கள் மேஜையில் இருக்கிறது: ஓரத்தில் அலுமினியம் மெழுகு போல வழிந்து, ரிங் இடுக்கில் உறைந்து, ரிங்கையே பிடித்துக்கொண்டிருக்கிறது. கேள்வி கேட்கிற ஒவ்வொரு பையன் கையிலும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் சொந்தக் காருக்கு வருஷா வருஷம் தகுதிச் சோதனை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி கைமாறும்போதுதான் ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும். அதனால் ஒரு பாட்டில் பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் டிக்கியில் கிடக்கலாம். பழைய கோல்ஃப் கார் ஒன்றை விற்க வந்த வாடிக்கையாளருக்கு அதுதான் நடந்தது. சோதனை செய்கிறவர் டிக்கியைத் திறந்தார். பின் சீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பெல்ட்டில் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் குழாய் கீழே எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போயிருந்தது. நைட்ரஸைத் திறந்துவிடும் மின் வால்வான சோலனாய்டுக்குப் போகும் ஒயரில் ஃபியூஸ் இல்லை, கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வண்டி ஃபெயில். ஆனால் அவர் எழுதிக் கொடுத்த தாளில் நைட்ரஸ் என்ற பெயரே இல்லை. ஒயரிங் சரியில்லை, டிக்கியில் கனமான பொருள் சரியாகப் பொருத்தப்படவில்லை என்றுதான் இருந்தது. வாடிக்கையாளர் "அப்படியானால் நைட்ரஸ் சட்டப்படி சரிதானே?" என்று கேட்டார். அந்தத் தாளை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வரவே முடியாது என்று சொல்லிப் புரிய வைக்க எனக்கு அரை நாள் ஆனது.

பீனிக்ஸ், டர்பன்

அண்ணா, நான் இன்சூரன்ஸ் கிளெய்ம் வேலையில் இருக்கிறேன். போலீஸைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள், எங்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கை சுடுவது எங்களிடம்தான்.

என் தம்பியின் சிநேகிதன் ஒருவன். என்2 நெடுஞ்சாலையில் மழையில் வழுக்கித் தடுப்பில் இடித்தான். மிதமான வேகம்தான். பாட்டில் வீட்டில் இருந்தது, அதுவும் காலி. ஆனால் என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் சோலனாய்டும், நைட்ரஸைப் பீய்ச்சும் நாசிலும் அப்படியே இருந்தன. மதிப்பீடு செய்ய வந்தவர் பானெட்டைத் திறந்து நாலு படம் எடுத்தார். மாற்றம் செய்ததை முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது. கார் லோன் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. வண்டி இல்லை, தவணை மட்டும் மாதாமாதம் போகிறது. அவன் அம்மா என்னிடம் வந்து அழுதார்.

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் எண் குறுகிய கால இன்சூரன்ஸ் சட்டத்தில் 53ஆம் பிரிவைப் பாருங்கள். நீங்கள் எதையோ சொல்லாமல் விட்டீர்கள் என்பதற்காக மட்டும் கம்பெனி கையை விரிக்க முடியாது. சொல்லாமல் விட்ட விஷயம் அபாயத்தைக் கணக்கிடுவதை உண்மையிலேயே பாதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நியாயமாக, கவனமாக நடக்கிற ஒருவர் அதைச் சொல்லியிருப்பாரா என்பதுதான் அளவுகோல். நைட்ரஸ் விஷயத்தில் சொல்லியிருப்பார் என்று முடிவாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு ஓய்ந்துவிடாதீர்கள். 2024 மார்ச் முதல் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பு ஒன்று இயங்குகிறது. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

இன்னொன்று. இந்த நாட்டில் அடுத்தவர் வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. பெட்ரோல் விலையில் பிடிக்கிற வரியில் ஓடும் சாலை விபத்து நிதி ஆள் காயத்துக்குத்தான், வண்டிக்கு இல்லை. உங்கள் பாலிசி கைவிட்ட நாளில் எதிரே வந்தது ஒரு பென்ஸாக இருந்தால், அந்தக் கடன் உங்கள் தலையில்தான்.

ஜோகன்னஸ்பர்க்

டர்பன்காரர்களுக்கு எங்கள் கஷ்டம் புரியாது! நீங்கள் கடல் மட்டத்தில் ஓட்டுகிறீர்கள். நாங்கள் இருப்பது சுமார் 1,750 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த இடம். டர்போ இல்லாத என்ஜின் இங்கே ஆறில் ஒரு பங்குக்கு மேல் பவரை இழக்கிறது. டர்பனிலிருந்து வான் ரீனன் கணவாய் ஏறி வரும்போதே கால் அதை உணர்ந்துவிடும். நைட்ரஸ் ஆசை எங்கள் பக்கம் வலுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் டார்ல்டனில் நேர்கோட்டில் கார் விடும் டிராக் ரேஸ் தளத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு இரவு ரோட்பிளாக்கில் நிறுத்தினார்கள். அதிகாரி கண்ணாடியில் லைசென்ஸ் டிஸ்க்கைப் பார்த்தார், டயரை டார்ச் அடித்துப் பார்த்தார், அப்புறம் டிக்கி. நீல பாட்டிலைத் தட்டி "இது என்ன?" என்றார். வால்வு மூடி, குழாயைக் கழற்றி, முனைக்கு மூடி போட்டிருந்ததைக் காட்டினேன். டார்ல்டன் நுழைவுச் சீட்டையும் கொடுத்தேன். குழாயின் மறுமுனை எங்கே என்று கேட்டு அதையும் பார்த்துவிட்டுத்தான் விட்டார். வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று அவருக்குப் பட்டிருந்தால் அங்கேயே நோட்டீஸ் கொடுத்திருக்கலாம், அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

அதே மாதம் என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் தொழிற்பேட்டை ரோட்டில் ரேஸ் விட்டு மாட்டினார். அவர் காரில் நைட்ரஸ் எதுவும் இல்லை. பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் பந்தயம் விடுவதைச் சாலைப் போக்குவரத்து விதிகளின் 317ஆம் விதி தடுக்கிறது. அதோடு 1996ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, பொறுப்பற்ற ஓட்டம். நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொன்னால் 6 ஆண்டு வரை சிறை போகலாம். பாட்டில் வைத்திருந்த நான் வீட்டுக்குப் போனேன், பாட்டில் இல்லாதவர் ஸ்டேஷனில் இருந்தார். எங்கே, எப்படி ஓட்டினோம் என்பதுதான் கணக்கு.

கேப் டவுன்

நான் வேலைக்காக நாலு நாடு சுற்றிவிட்டு இங்கே வந்தவன். ஒவ்வோர் இடத்திலும் இதே கேள்விக்கு வேறு வேறு பதில். என் அக்கா குடும்பம் இருக்கும் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வாகன மாற்ற விதித் தொகுப்பு 1994லிருந்தே நைட்ரஸைப் பயன்படுத்தவும் கூடாது, பொருத்தவும் கூடாது என்கிறது. "பொருத்தவும்" என்பதைக் கவனியுங்கள். பீனிக்ஸ் நண்பர் சொன்ன பையனைப் போல பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் அங்கே தப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் காருக்குப் பயன்படுத்தத் தடை இல்லை, ஆனால் இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பிரீமியம் ஏறும், இல்லை முடியாது என்றே சொல்லிவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனி. டியூஃப் என்கிற வண்டித் தகுதிச் சோதனைக்காரர்கள் ஒரு ஸ்பிரிங் மாற்றினாலே தாள் கேட்கிறவர்கள். அங்கே நைட்ரஸை ரோட்டுக் காரில் சட்டப்படி மாட்டலாம்! காருக்குக் காஸ் கிட் போடும்போது கேட்கிற மாதிரியான தரத்தில் பாட்டிலும் குழாயும் பொருத்துதலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கேயும் அப்படி ஒரு முறை வர வேண்டும் என்பது என் ஆசை. எப்படி மாட்டினால் சரி என்று அரசே எழுதிக் கொடுத்துவிட்டால், சாட்ஸ்வொர்த் அண்ணன் பார்த்த அந்த ஃபியூஸ் இல்லாத ஒயர் ஒருநாளும் ரோட்டுக்கு வராது.

இங்கே ரேஸ் ஆசை இருக்கிற பையன்களைக் கில்லார்னி தளத்துக்கு அனுப்புங்கள். தெருவில் விடுகிறவர்களை உள்ளே இழுக்கவே ரோபோ ரேசிங் இரவுகள் நடத்துகிறார்கள். ரோபோ என்றால் நம் ஊர் சிக்னல் விளக்குதான், இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் நர்ஸ். கார் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் பாட்டில் வீட்டில் இருந்தது என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

கால் மரத்துப்போய், நடக்கும்போது தரை எங்கே என்று தெரியாமல் தள்ளாடிக்கொண்டு ஒரு பையன் வார்டுக்கு வந்தான். இருபது வயதுகூட இருக்காது. அண்ணன் காருக்கு வாங்கி வைத்திருந்த பாட்டிலிலிருந்து பலூனில் பிடித்து நண்பர்களோடு பல மாதமாக இழுத்திருக்கிறான். நைட்ரஸ் உடம்பில் இருக்கிற பி12 வைட்டமினை வேலை செய்யாமல் ஆக்கிவிடும், தண்டுவட நரம்பு கெடும். பி12 ஊசி போட்டோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான், ஆனால் போன உணர்வு முழுக்கத் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. பிரிட்டனில் 2023 நவம்பரில் இதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், போதைக்காகக் கையில் வைத்திருந்தாலே குற்றம். பாட்டிலுக்குப் பூட்டு போடுங்கள் அண்ணன்மார்களே. வீட்டில் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

அக்கா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அமெரிக்காவில் காருக்கான நைட்ரஸில் கொஞ்சம் சல்ஃபர் டை ஆக்சைடு கலந்து விற்பதே யாரும் முகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இனி பாட்டிலோடு வருகிறவர்களிடம் பூட்டு எங்கே என்றும் கேட்பேன்.

தனிச்செய்தியில் ஒருவர், பிப்ரவரி வெயிலில் பாட்டிலைக் காரிலேயே விடலாமா என்று கேட்டிருக்கிறார். விடாதீர்கள். 20 டிகிரியில் பாட்டிலுக்குள் சுமார் 50 பார் அழுத்தம். 36 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது, அதன் பிறகு நிறைந்த பாட்டிலில் அழுத்தம் விறுவிறு என்று ஏறும். டர்பன் வெயிலில் பூட்டி நிறுத்திய கார் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். வால்வில் இருக்கிற பாதுகாப்புத் தகடு உடைந்து காஸை வெளியே விடும். அப்படி விடும்போது அது காருக்குள் நிரம்பினால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். அதனால் தகட்டிலிருந்து வெளியே போகும் குழாய் இல்லாத பாட்டிலை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மாட்டுவதே இல்லை, எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

பீனிக்ஸ் தம்பி, ஒரு உதவி செய்யுங்கள். கிட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வருகிற பையன்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்தில் தந்த பதிலை. பலருக்குக் கடிதத்தில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. பாட்டில் எத்தனை கிலோ, நைட்ரஸ் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் எத்தனை குதிரைத்திறனுக்கானது, யார் பொருத்துகிறார், ரோட்டில் ஓட்டும்போது குழாயைக் கழற்றி வைப்பார்களா, இவ்வளவு போதுமா, இல்லை வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா? ஒரு மாதிரிக் கடிதம் எழுதிப் போட்டால் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.