ஹீமோகுளோபின் 97, பர்த் சென்டர் கிடையாதுன்னு சொல்றாங்க, உதவுங்க

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கோம், ரெண்டாவது குழந்தை, 36 வாரம் 4 நாள். டாக்டர் இல்லாம மிட்வைஃபே (மருத்துவச்சி) பார்த்துக்கற பர்த் சென்டர்லதான் பெத்துக்கணும்னு 20வது வாரத்துலயே சொல்லி நோட்ஸ்லயும் எழுதியாச்சு, இப்போ திடீர்னு ஹீமோகுளோபின் 100 இருந்தாதான் அங்க, இல்லன்னா லேபர் வார்டுதான்னு சொல்றாங்க.

28வது வாரம் 104, 34ல 94, போன வாரம் 97 (நம்ம ஊர் கணக்குல 9.7). ஃபெரஸ் ஃபூமரேட் (அயர்ன் மாத்திரை) 210 மில்லிகிராம் தினமும் ஆரஞ்சு ஜூஸோட போடறேன், டீ காபி சுத்தமா நிறுத்திட்டேன், அம்மா வந்ததுல இருந்து முருங்கைக்கீரையும் விடறதில்ல. சுகர், பிரஷர் நார்மல், குழந்தை தலை கீழதான் இருக்கு. ட்ரிப்ல அயர்ன் ஏத்தச் சொல்லி கேட்டேன், ரெஃபரல் போட்டிருக்கோம்னு மட்டும் பதில். கன்சல்டன்ட் மிட்வைஃபுக்கு மெயில் போட்டு 6 நாளாச்சு, பதிலே இல்ல.

மூத்தவ 2022ல சுகப்பிரசவம்தான், ரத்தப்போக்கும் அதிகமில்ல, ஆனா மானிட்டர் பெல்ட்டைக் கட்டி மல்லாக்கப் படுக்க வச்சுட்டாங்க, வலி வரப்போ ஒருக்களிச்சுக்கூட படுக்க முடியாம கட்டில் கம்பியப் பிடிச்சு அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. இந்த பர்த் சென்டர்ல தண்ணித் தொட்டி (பூல்) இருக்கற ரூமைப் பார்த்தப்பவே மனசு லேசாயிடுச்சு. எபிடூரல் (முதுகுல போடற வலி ஊசி) அங்க கிடையாதுன்னு தெரியும், கேஸ் அண்ட் ஏர் (வலிக்கு மூச்சுல இழுக்கற வாயு) போதும். நைஸ் (NICE, இங்க சிகிச்சை வழிகாட்டுதல் போடற அமைப்பு) வழிகாட்டுதல்ல ஹீமோகுளோபின் 85ல இருந்து 105 வரைக்கும்னா ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பார்த்து முடிவு பண்ணணும்னுதான் இருக்கு.

100க்குக் கீழ இருந்தும் பர்த் சென்டர்ல பெத்தவங்க யாராவது இருந்தா, யார்கிட்ட எப்படிக் கேட்டு சம்மதம் வாங்கினீங்க?