போத்தல் தண்ணியில வேர் பிடிக்க வைக்கிறது: கொழும்பு வீட்டு அனுபவங்கள்

வெள்ளவத்தை, தொடர்மாடி

தொடர்மாடி வீட்டில இருக்கிற ஆக்களுக்கு இதைவிட லேசா செடி பெருக்கிற வழி இல்ல எண்டு நான் நம்புறன். மண் தேவையில்ல, சாடி தேவையில்ல. கழுவின ஜாம் போத்தலும் வெளிச்சம் விழுற குசினி யன்னலும் காணும். எங்கட வீட்டில மணி பிளான்ட், சிங்கோனியம், பிலோடென்ட்ரன், கோலியஸ் எல்லாம் இப்பிடி வந்ததுகள்தான். அரைவாசி அயலட்டைச் சனம் முறிச்சுத் தந்த தண்டு. நீங்களும் கண்டதை எழுதுங்கோ, என்னட்ட இருக்கிறதை முதல்ல சொல்லுறன்.

எல்லாம் கணுவிலதான் இருக்கு. மணி பிளான்ட் கொடியைக் கையில எடுத்து, இலைக் காம்பு தண்டோட சேருற இடத்தை விரலால தடவிப் பாருங்கோ. மண்ணிறத்தில சின்னதா ஒரு முண்டு தட்டுப்படும். தண்ணி பட்டா வேராகிறது அதுதான். அதுக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழ, கூரான பிளேட்டால ஒரே வெட்டா வெட்டவேணும். மழுங்கின கத்தரிக்கோல் தண்டை நசிக்கும், நசிஞ்ச இடம்தான் முதல்ல அழுகும். நுனியிலயும் இளம் இலையிலயும் ஊறுற ஒட்சின் எண்ட ஓமோன் தண்டு வழியா இறங்கி, வெட்டின இடத்துக்குக் கிட்டத் தேங்கி நிக்கும். வேர் அந்த இடத்தில கிளம்புறது அதாலதான். ஆனபடியால் மேல ரெண்டு மூண்டு இலையை விட்டுவிடுங்கோ. தண்ணிக்குள்ள தாழுற இலையை மட்டும் கிள்ளிப் போடுங்கோ. கணு இல்லாம இலையையும் காம்பையும் போட்டா சிலவேளை வேர் வரும், ஆனா தளிர் வராது. அந்த ஒத்தை இலையோட அது நிண்டுவிடும்.

இஞ்ச நாங்கள் கவனிக்கவேண்டியது சூடு. குளிர் நாட்டு வீடியோக்களில கிழமைக்கு ஒருக்கா, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எண்டு தண்ணி மாத்துவினம். கொழும்பில வருஷம் முழுக்க 27, 28 பாகை. தண்ணி சூடாக ஆக அதில கரைஞ்சிருக்கிற ஒட்சிசன் குறையும், பக்றீரியா பெருகும். வேர் இஞ்ச கெதியா வருது, ஆனா அழுகலும் அதே வேகத்தில வருது. மூண்டு நாலு நாளைக்கு ஒருக்காத் தண்ணி மாத்தினா எனக்குச் சரியா வருது. தண்ணி கலங்கி, தண்டு வழுவழுப்பாத் தெரிஞ்சா அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சுபோட்டு, மேல பச்சையா இருக்கிற இடத்தில இருந்து திரும்பத் தொடங்கலாம். குழாய்த் தண்ணியில குளோரின் மணம் கூடின நாளில ஒரு வாளியில பிடிச்சு, மூடி போட்டு இரவு முழுக்க வைச்சு அடுத்த நாள் பாவிக்கிறன். மூடி ஏனெண்டு கொழும்பில இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

தெஹிவளை

அக்கா, அந்தக் கடைசி வரிய நான் கொஞ்சம் விரிச்சு எழுதணும். செடி வளக்கிறவங்க எல்லாரும் வாசிக்கவேண்டிய விஷயம் இது.

2017 எங்கட ஒழுங்கையில யாருக்கும் மறக்க ஏலாது. அந்த ஒரு வருஷத்துல நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல டெங்கு எண்டு பதிவாச்சு. எங்கட மூத்த மகனும் அதுல ஒராள். பிளேட்லட் எண்ணிக்கை இறங்க இறங்க ஆஸ்பத்திரியில உம்மாவும் நானும் மாறி மாறி இருந்தோம். அதுக்குப் பொறகுதான் டெங்கு நுளம்பு எப்படிப் பெருகுது எண்டு நான் தேடித் தேடி வாசிச்சேன்.

ஈடிஸ் நுளம்புக்குக் குளமோ கானோ தேவையில்ல. வீட்டுக்குள்ள, நிழல்ல, கொஞ்சம் சுத்தமான தண்ணி அசையாம நிண்டாக் காணும். நாங்க தண்டு போட்டு வைக்கிற போத்தல் அதுக்குச் சரியாப் பொருந்துது. முட்டை பொரிஞ்சு, குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாப் பறக்க இந்தச் சூட்டுல ஒரு கிழமையில இருந்து பத்து நாள் காணும். அதனால கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணி மாத்துறவங்க வீட்டுல அந்தச் சுத்து முடியவே முடியாது. ஆனா தண்ணிய ஊத்திட்டுப் புதுசு நிரப்பினா மட்டும் போதாது. முட்டைய அது தண்ணிக்குள்ள இடுறதில்ல. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல போத்தல் சுவர்ல ஒட்டி வைக்குது. காஞ்சாலும் அந்த முட்டை மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், திரும்பத் தண்ணி பட்ட உடன பொரியும். உள்பக்கத்த பிரஷ்ஷாலயோ தேங்காத் தும்பாலயோ நல்லாத் தேச்சுக் கழுவணும். கழுவுற தண்ணிய கானுல ஊத்தாம காஞ்ச நிலத்துல ஊத்துங்க.

பீ.எச்.ஐ. மாத்தயா, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கட பக்கத்து வீட்டுக்கு வந்த நேரம் நான் கூட நிண்டேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால உள்ள தட்டு, பூச்சாடிக்குக் கீழ உள்ள தட்டு எல்லாம் டோர்ச் அடிச்சுப் பாத்துட்டு, டீவிக்குப் பக்கத்துல இருந்த மணி பிளான்ட் போத்தல எடுத்து வெளிச்சத்துக்குப் புடிச்சாரு. நூல் துண்டு மாதிரி நாலஞ்சு குடம்பி தலைகீழாத் தொங்கிட்டு இருந்திச்சு. அவர்ர கை நிழல் பட்டதும் எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு அடியில இறங்கிட்டு. நுளம்பு பெருகுறதத் தடுக்க 2007ல வந்த 11ஆம் இலக்கச் சட்டப்படி இதுக்கு வீட்டுக்காரங்கதான் பொறுப்பு, வழக்கும் போடலாம். அவர் அண்டைக்கு எச்சரிக்கையோட விட்டாரு.

இப்ப நான் ஒரு போத்தலையும் வாய் திறந்து வைக்கிறதில்ல. தண்டச் சுத்திப் பஞ்சு வச்சு வாய அடைச்சிருவேன். இல்லாட்டி மூடியில தண்டு போற அளவுக்கு ஓட்டை போட்டு, அதுக்குள்ளால இறக்கிருவேன். உப்பு, மண்ணெண்ணெய் போடலாமா எண்டு சிலபேர் கேக்கிறாங்க. போடாதீங்க, தண்டு செத்துரும். மே, ஜூன் மழைக்குப் பொறகும் வருஷக் கடைசியிலயும் டெங்கு கூடுற காலம். அந்த மாசங்கள்ல போத்தல் எண்ணிக்கையக் குறைச்சிக்கொள்ளுறது நல்லம் எண்டு நினைக்கிறேன்.

இன்னொண்டு. மணி பிளான்ட், பிலோடென்ட்ரன், சிங்கோனியம் மூணுலயும் கல்சியம் ஒக்சலேற் இருக்கு. சாறு பட்டா கை கடிக்கும், புள்ளைகளோ பூனையோ மெண்டா வாய் வீங்கும். எட்டாத உசரத்துல வைங்க.

மட்டக்குளி

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. எங்க அப்பா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துல தேயிலை நர்சரியில வேல செஞ்சவரு. தண்டு வெட்டுறதுன்னா எனக்கு அவரு ஞாபகம்தான்.

மலைநாட்டுல வீ.பி. தேயிலைன்னு சொல்றது எல்லாம் விதையில வந்தது இல்ல, வெட்டுத் தண்டுல வந்தது. ரீ.ஆர்.ஐ.ங்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தோட 2025ன்னு ஒரு வர்க்கம் ரொம்பப் பிரபலம், அந்த 2025 வருஷம் இல்ல, வர்க்கத்தோட இலக்கம். ஒரு இலை, அது மடியில ஒரு மொட்டு, கீழ விரல் நீளத்துக்கும் குறைவா தண்டு, அவ்வளவுதான் ஒரு துண்டு. அதை பொலித்தீன் பையில மண்ணு நிரப்பி நட்டு, நெழல்ல மூடி வைப்பாங்க. மொட்டு மண்ணுக்குள்ள போயிரக்கூடாது. அப்பா வெடியக்காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடிதான் கொம்பு வெட்டுவாரு. அந்த நேரம் தண்டுல தண்ணி நெறஞ்சு நிக்கும், வெட்டுனதுக்கு அப்புறம் சீக்கிரம் வாடாது. வெட்டுன கொம்பை ஈரச் சாக்குல சுத்தித்தான் கொண்டுவருவாங்க. இங்க பல்கனிச் செடிக்கும் நான் அதையேதான் செய்றேன், காலையில ஆறரைக்குள்ள வெட்டிருவேன். மத்தியானம் வெட்டுனதுக்கும் இதுக்கும் வித்தியாசம் ரெண்டாம் நாளே இலையில தெரியுது.

தேயிலையைத் தண்ணியில போட மாட்டாங்க. பொதுவா கட்டைத் தண்டுச் செடிங்களுக்கு மண்ணுதான் நல்லது. குரோட்டன் தண்ணியிலயும் வரும், ஆனா வாரக்கணக்கா பொறுத்திருக்கணும். செவ்வரத்தையை நான் நேரா மண்ணுலதான் வைக்கிறேன்.

பம்பலப்பிட்டி

ஸ்நேக் பிளான்ட் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. இலையை வெட்டித் தண்ணியில வைத்தால் வேர் வரும், மெதுவாக. எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று பேனையால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், தலைகீழாக வைத்தால் வேர் விடாது. மஞ்சள் கரை உள்ள வகையை இலையிலிருந்து பெருக்கினால் புதுக் கன்று வெறும் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் கரை வேண்டுமென்றால் கிழங்கோடு கன்றைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். கடலைப் பார்த்த பல்கனிகளில் உப்புக் காற்று இளம் இலையைக் கருக்கும், போத்தல்களை உள்ளே வையுங்கள்.

வெள்ளவத்தை, தொடர்மாடி

தெஹிவளைத் தங்கச்சி எழுதினதை எங்கட தொடர்மாடி ஆக்களுக்குக் காட்டப்போறன். பஞ்சு வைச்சு அடைக்கிறதை இண்டைக்கே செய்தன். மகன் சுகமா இருக்கிறார் எண்டு நினைக்கிறன்.

மண்ணுக்கு மாத்துறதைப் பற்றி ரெண்டு பேர் தனியாக் கேட்டவை. இந்த இடத்திலதான் கனக்கச் செடி சாகுது. தண்ணியில வந்த வேர் வெள்ளையா வடிவா இருக்கும், ஆனா சரியான மெல்லிசு, தொட்டா முறியும். மண்ணில தண்ணி தேடிப் போறதுக்கான மயிர் வேர் அதில குறைவு. அதால வேர் மூண்டு நாலு சென்ரிமீற்றர் வந்து, பக்கத்தால சின்னக் கிளை வேர் விடத் தொடங்கினவுடன மாத்திப்போடுங்கோ. அடி கட்டி நீளமாச் சுத்தினாப் பிறகு மாத்திறது கஷ்டம். தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்து, கையால பிடிச்சா உருண்டையா நிக்கிற அளவுக்கு ஈரமாக்கி, குழி தோண்டி வேரை விரிச்சு வைச்சு மெதுவா மூடுங்கோ. அழுத்தக்கூடாது. முதல் ரெண்டு கிழமை அந்த ஈரம் குறையாம, நேர் வெயில் படாம இருக்கவேணும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியைக் குறைக்கலாம். முதல் நாட்களில இலை சோந்து தொங்கும், அதுக்குப் பயந்து திரும்பத் தண்ணியில போடாதேங்கோ.

தண்ணியிலயே விடவும் ஏலும். அப்ப வெறும் தண்ணி காணாது, இலை சிறுத்து வெளிறும். அல்பேர்ட் கலவை எண்ட, தண்ணியில கரைக்கிற உரத்தை, பைக்கற்றில போட்டிருக்கிற அளவில காலுக்கும் குறைவாக் கரைச்சு மாதம் ஒருக்கா விடுறன். நிறமில்லாத கண்ணாடிப் போத்தலில பச்சைப் பாசி பிடிச்சா மண்ணிறப் போத்தலுக்கு மாத்துங்கோ, இல்லாட்டி வெளியால கடதாசி சுத்துங்கோ.

கொட்டாஞ்சேனை

எங்கட வீட்டில ரம்பை இல்லாமல் ஒரு கறியும் இறக்கிறதில்லை. அது விதை போடுற செடியில்லை, கன்று பிரிச்சுத்தான் பரம்பும். தாய்ச் செடியின்ர அடியில பக்கத்தால வாற சின்னக் கன்றை, இலை ஐஞ்சாறு வந்தாப் பிறகு கீழ்நோக்கி இழுத்தால் அடியோட கழண்டு வரும். அடி இலை ரெண்டை உரிச்சால் வெள்ளை வெள்ளையா வேர் முனை தெரியும். அந்த முனை மட்டும் தாழத் தண்ணி விட்டாப் போதும், கூட விட்டால் நடுக்குருத்து அழுகிவிடும். துளசியும் கற்பூரவள்ளியும் இதைவிடக் கெதியா வேர் விடும். துளசியில பூங்கதிரைக் கிள்ளிப்போட்டு வையுங்கோ.

எனக்கு ஒரு கேள்வி. கறிவேப்பிலைக் கொப்பு சந்தையில வாங்கி எத்தினையோ தரம் தண்ணியில வைச்சுப் பாத்தாச்சு, இலை கொட்டுறதுதான் மிச்சம். ஆருக்காவது வந்ததோ?

மட்டக்குளி

அண்ணே, சந்தையில வாங்குற கறிவேப்பிலை வெறும் இலைக் காம்புதான், தண்டு இல்ல. அதுல மொட்டே கெடையாது, எவ்வளவு வச்சாலும் மரமாகாது. மரம் உள்ள வீட்டுல கேட்டு, அடிமரத்தைச் சுத்தி வேர்ல இருந்து கெளம்புற சின்னக் கன்னை வேரோட தோண்டி எடுங்க, சாயங்காலத்துல. எங்க வீட்டு மரத்தடியில இப்பவே மூணு நாலு நிக்குது. ஒரு பையில கொஞ்சம் தும்புத்தூள் நனைச்சுக் கொண்டுவாங்க, தோண்டித் தர்றேன்.