டயட் தொடங்கிய முதல் வாரம்: பதினொரு மணியானால் கை நடுங்குகிறது

மண்டபம் கணக்குப்பிள்ளை:
வணக்கம். ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 46, எடை 91 கிலோ, சர்க்கரை உண்டு. "முதல்ல எடையைக் குறைங்க" என்றார் டாக்டர். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். துபாயில் இருக்கும் மைத்துனர் வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை அனுப்பினார். நாளுக்கு 1000 கலோரி. காலையில் 2 இட்லி, மதியம் ஒரு சப்பாத்தியும் கொஞ்சம் காயும், ராத்திரி ஓட்ஸ் கஞ்சி. சோறு, மீன் குழம்பு, டீ எதுவும் கிடையாது.

ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன கையோடு இதையும் தொடங்கினேன். வேலை தலைக்கு மேல் இருக்கும்போதா இது என்று வீட்டில் கேட்டாள். கேட்டது சரிதான். இருட்டோடு கம்பெனிக்குப் போய்விடுகிறேன். பதினொரு மணிக்கு டீயும் வடையும் வரும். அந்தத் தட்டு என் மேசையைத் தாண்டிப் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அதே நேரத்துக்குத் தலைவலி பிடிக்கிறது, ஐஸ் உடைத்துக் கொட்டும் இடத்தில் நிற்கும்போதே முதுகு வியர்க்கிறது. நேற்று கணவாய் 71 கிலோ என்று சீட்டில் எழுதினேன். திரும்பப் பார்த்தால் 77 மாதிரி இருக்கிறது, கை அப்படி ஆடியிருக்கிறது. "முதல் வாரம் அப்படித்தான் மாப்ள, பல்லைக் கடிச்சிட்டு இரு" என்கிறார் மைத்துனர். எடை 2 கிலோ இறங்கியிருப்பதால் விட்டுவிடவும் மனசில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

உப்பளத்தான், வாலிநோக்கம்:
அண்ணே, சாப்பாட்டோடு சேர்த்து உப்பையும் நிறுத்திட்டீங்களா? ஓட்ஸில் என்ன உப்பு இருக்கப் போகுது. இந்த வெயிலில் வேர்த்துக் கொட்டுறவனுக்குத் தண்ணி மட்டும் பத்தாது. காலையில் ஒரு சொம்பு நீச்சத்தண்ணி (பழைய சோத்துத் தண்ணி), கல் உப்பு போட்டு, ரெண்டு சின்ன வெங்காயம் கடிச்சுக்குங்க. பிரஷர் இருந்தா டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

கீழக்கரை லாத்தா:
தம்பி, அந்த அட்டவணையை மடித்து வை. மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு மீனை நிறுத்தச் சொன்ன ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நான் எழுபத்தெட்டிலிருந்து அறுபத்தாறுக்கு வந்தவள். எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் நெய்ச்சோறு, சும்மா இருந்தால் தொதல் அல்வா, அதற்கு நடுவில் இறக்கிய எடை இது.

தலைவலிக்குப் பாதிக் காரணம் டீ. தினமும் நாலைந்து கிளாஸ் குடித்தவன் ஒரேயடியாக நிறுத்தினால், மறுநாளே மண்டையைப் பிளக்கும். இரண்டு நாள் உச்சத்தில் இருந்துவிட்டு ஒரு வாரத்துக்குள் அடங்கும். டீயை ஏன் நிறுத்த வேண்டும்? சர்க்கரையை நிறுத்து. ஒரு கிளாஸில் 2 ஸ்பூன் சர்க்கரை போனால் 40 கலோரி. டீத்தண்ணியில் ஒன்றுமே இல்லை, கொஞ்சம் பால்தான் கணக்கு.

அந்த 2 கிலோவைப் பார்த்து மயங்காதே, அது முழுக்கக் கொழுப்பில்லை. உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் அது கரையும், பிடித்த தண்ணீர் சிறுநீராகப் போகும், கூடவே உப்பும் போகும். எழுந்ததும் தலை சுற்றினால் அதனாலும் இருக்கும். உப்பளத்துத் தம்பி சொன்னது சரி. ஒரு நாள் ராத்திரி கருவாடு தின்றுவிட்டு மறுநாள் எடை பார், ஒரு கிலோ ஏறியிருக்கும். அதற்காக அழவும் வேண்டாம்.

பசி கடிகாரம் பார்த்து வரும். வழக்கமாகத் தின்ற நேரத்துக்கு வந்து வயிற்றை உருட்டும், கண்டுகொள்ளாவிட்டால் அரை மணி, முக்கால் மணியில் தானாகப் போகும். எனக்கு அது லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வரும். தொழுது முடித்துப் பார்த்தால் இருக்காது.

இனி சட்டிக்கு வருவோம். கலோரி மீனில் இல்லை தம்பி, மீனைச் சுற்றி இருப்பதில் இருக்கிறது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. நம் வீட்டுப் பொம்பளைகள் கரண்டியாலா ஊற்றுகிறார்கள், போத்தலைக் கவிழ்க்கிறார்கள். தேங்காய்த் துருவல் 100 கிராம் 350 கலோரி. நான் மீன் ஆணத்தில், அதாவது குழம்பில், முதல் பாலை விட்டுவிட்டேன். புளியும் மல்லியும் கூடுதலாகப் போட்டு, மூன்றாம் பால் மாதிரித் தண்ணியாக ஒரு கை தேங்காய் மட்டும் சேர்ப்பேன். சூடை மீன் நாலைந்தை அதில் போட்டு, ஒரு அகப்பைச் சோறு. சோறு 100 கிராம் 130 கலோரிதான், அது குற்றவாளி இல்லை, குவிப்பதுதான் குற்றம். மீன் சேர்ந்தால் பசி தாங்கும். ஓட்ஸ் கஞ்சி என் வயிற்றில் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. ராத்திரிக்குப் புளியாணம் (ரசம் மாதிரி) ஒரு கோப்பை குடித்துவிட்டுப் படுப்பேன்.

எல்லாம் சொன்னேன். கை நடுக்கம், ஐஸ் பக்கத்தில் வியர்வை, இது இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அப்படி எதுவும் வந்ததில்லை, எனக்குச் சர்க்கரையும் இல்லை. நீ என்ன மாத்திரை போடுகிறாய்?

மண்டபம் கணக்குப்பிள்ளை:
காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, லாத்தா. அட்டையில் கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500 என்று போட்டிருக்கிறது.

ராமநாதபுரம் செவிலியர்:
சார், மற்ற பேச்சை எல்லாம் நிறுத்துங்கள். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இவ்வளவு பயமில்லை. கிளிமிபிரைடு அப்படியில்லை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் முன்பு சாப்பிட்ட அளவுக்குக் கொடுத்த டோஸ் அது. சாப்பாட்டைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு அதே டோஸைப் போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போகும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் மங்கல் எல்லாம் அதன் அறிகுறிகள். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற விஷயமே இல்லை.

அடுத்த முறை கை நடுங்கினால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும். ஏறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் பார்க்காமலே குடியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். நடுக்கம் வரும் நேரத்தில் பைக் ஓட்டாதீர்கள். 800 கலோரிக்குக் கீழே போகும் டயட் எல்லாம் டாக்டர் மேற்பார்வையில் மட்டும்தான். சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்கு 1000-மும் அப்படித்தான்.

மண்டபம் கணக்குப்பிள்ளை:
படித்ததும் முதலாளியின் மீட்டரை வாங்கி அடுத்த நாள் பதினொரு மணிக்குக் குத்திப் பார்த்தேன். 64. டீ கொண்டுவரும் பையனே சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தான். "அண்ணே, டயட்டா?" என்று ஒரு சிரிப்பு வேறு. சாயங்காலமே டாக்டரைப் பார்த்துவிட்டேன். இந்த முறை டோக்கன் கூப்பிட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. மாத்திரையின் டோஸைப் பாதியாக்கி, 1500 கலோரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சோறு உண்டு, மீன் உண்டு, சர்க்கரை போடாத டீ உண்டு. மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். இங்கே ரோட்டோரம் நுங்கும் பதநீரும் விற்கிறார்கள். சாப்பிடலாமா?

கீழக்கரை லாத்தா:
நுங்கு சாப்பிடு, பெரும்பாலும் தண்ணீர்தான், சர்க்கரைப் பாகில் போடாமல் தின்றால் சரி. பதநீர் வேண்டாம். ஒரு டம்ளரில் 20 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும், கை நடுங்கும்போது குடிக்க வேண்டுமானால் வைத்துக்கொள். அது சரி, அங்கே சூடை என்ன விலை போகிறது? இங்கே சைக்கிள்காரன் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான்.