வாசுகி அக்காவின்ர லீஃபும் முன்சில்லுச் சத்தமும்

குழு: எங்கட வீட்டுச் சனம் (வெள்ளவத்தை – தெஹிவளை – லண்டன்)

சனிக்கிழமை

பெரியம்மா, 6:10
இனிய காலை வணக்கம். முருகன் துணை 🌺

வாசுகி அக்கா, 7:48
மாமா எழும்பிட்டீங்களோ? என்ர நிசான் லீஃப் மின்சாரக் காரில முன்னுக்கு இடப்பக்கம் "டொக் டொக்" எண்டு சத்தம். நேத்து கராஜுக்குக் கொண்டு போனன். கராஜ் பாஸ் ஒரு சுத்து ஓடிப் பாத்திட்டு "ஷொக் தெகம இவரயி" (ஷொக் அப்சோபர் ரெண்டும் முடிஞ்சுது) எண்டு சிங்களத்தில சொல்லிட்டார். ரெண்டு சொக்கும் புதுசா போடட்டாம்.

அத்தான், 7:50
அவர் சொன்ன விலையைக் கேட்டதில இருந்து எனக்கு நித்திரை இல்லை

சின்னமாமா, 8:02
பிள்ளை, அவர் காரை ஜக்கில தூக்கிப் பாத்தவரோ?

வாசுகி அக்கா, 8:03
இல்லை மாமா. பொனெட்டைத் திறந்தவர். உள்ளுக்க ஒரேஞ்ச் வயரைக் கண்டதும் "இது கரண்ட் வாகனம், கனக்கக் கிண்டக்கூடாது" எண்டு மூடிப்போட்டார்.

சின்னமாமா, 8:09
ஒரேஞ்ச் வயரில கை வைக்காதது நல்லதுதான். அது 360 வோல்ட்டுக்குக் கிட்டப் போற லைன். ஆனா உன்ர சத்தம் வாற இடத்தில கரண்டே இல்லை. லீஃபின்ர முன்பக்கம் சாதாரண பெற்றோல் காரின்ர அமைப்புத்தான். மேல ஸ்பிரிங்கும் சொக்கும் சேர்ந்த ஸ்ட்ரட், கீழ சில்லைப் பிடிக்கிற லோவர் ஆர்ம், குறுக்கால ஸ்டெபிலைசர் பார், அதின்ர ரெண்டு நுனியிலயும் ஒவ்வொரு லிங்க். பஸ் டிப்போல வேலை செய்தவனுக்கும் விளங்கும்.

சின்னமாமா, 8:10
சத்தம் எப்ப வருது எண்டு சரியாச் சொல்லு. அதுதான் முக்கியம்.

வாசுகி அக்கா, 8:15
காலி வீதியில நேர ஓடேக்க ஒண்டுமில்லை. எங்கட ஒழுங்கையில குழாய்க்கு வெட்டி மூடின இடத்தில மெதுவா வரேக்க சின்னச் சின்னதா அடிக்குது. மற்றது, ரிவர்ஸ் எடுத்து பிரேக் பிடிச்சு, பிறகு முன்னுக்கு விட்டு பிரேக் பிடிச்சா ஒரே ஒரு "டொக்". அது காலுக்கே தெரியுது.

சின்னமாமா, 8:17
அந்த ரெண்டாவதுதான் எனக்கு வேணும். பிரேக் பிடிக்கேக்க சில்லை முன்னுக்கும் பின்னுக்கும் போகவிடாமப் பிடிக்கிறது லோவர் ஆர்ம். அதின்ர ரப்பர் புஷ் கிழிஞ்சிருந்தா ரிவர்ஸில ஒரு பக்கம் போய் அடிக்கும், முன்னுக்கு வந்து பிரேக் பிடிக்க மற்றப் பக்கம் அடிக்கும். சொக் பழுதெண்டா இப்பிடிச் செய்யாது.

லண்டன் அண்ணா, 8:31
இங்க வருசா வருசம் எம்ஓடி எண்ட வாகனச் சோதனையில காருக்குக் கீழ பூந்து புஷ்ஷைப் பாப்பாங்கள். கிழிஞ்சிருந்தா எழுதி விட்டிடுவாங்கள். அங்க அப்பிடி ஒண்டும் இல்லையோ?

அத்தான், 8:33
இஞ்ச புகைச் சோதனை மட்டும்தான். இவளின்ர காருக்கு அதுவும் தேவையில்லை 😄

சின்னமாமா, 8:34
அதுதான் கரைச்சல். எண்ணெய் மாத்துற வேலை இல்லை எண்டபடியா கராஜ் பக்கமே போறேல்லை. வருசக்கணக்கா ஒருத்தரும் காருக்குக் கீழ குனிஞ்சு பாக்கிறேல்லை.

பெரியம்மா, 8:40
தம்பி, மழை நேரம் கீழ படுத்து வேலை செய்தா கரண்ட் அடிக்காதோ?

சின்னமாமா, 8:44
அடிக்காது அக்கா. காரை ஓஃப் பண்ணினா பெட்டரிப் பெட்டிக்குள்ளயே ரிலே வெட்டிடும். சார்ஜில போட்டபடி மட்டும் வேலை செய்யக்கூடாது. மற்றது, இது சத்தமில்லாத கார். டாஷில பச்சைக் கார்ப் படம் எரிஞ்சா அது ஓட ரெடியா நிக்குது. ஓஃப் பண்ணி, சாவியை எடுத்துத் தூர வைச்சிட்டுத்தான் கீழ போகவேணும்.

சின்னமாமா, 8:46
குட்டி, நாளைக்கு லீவுதானே? டெக்னிக்கல் கொலிஜில படிச்சதை அக்கான்ர காரில காட்டு.

நான், 8:52
சரி மாமா. காலமை கீழ பார்க்கிங்கில வைச்சுப் பாக்கிறன்.

ஞாயிற்றுக்கிழமை

நான், 10:20
முதல் சொக்கைப் பாத்தன். எண்ணெய் கசிவு இல்லை. முன்மூலையை அமத்தி விட்டா ஒருக்கா எழும்பி அப்பிடியே நிக்குது, ஆடேல்லை. சொக் நல்லாத்தான் இருக்கு.

அத்தான், 10:21
இண்டைக்குத்தான் நான் நிம்மதியாத் தேத்தண்ணி குடிக்கிறன்

நான், 10:34
இடப்பக்கத்தைத் தூக்கிப் போட்டன். சில்லை மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டினன், ஆட்டம் இல்லை. பக்கவாட்டில பிடிச்சு ஆட்டினன், ஸ்டியரிங்கின்ர ரெக் என்ட்டும் இறுக்கம். ஸ்டெபிலைசர் லிங்கைக் கையால ஆட்ட "கிளிக் கிளிக்" எண்டுது. ஒழுங்கைச் சத்தம் அதுதான்.

நான், 10:36
[படம்]
இது லோவர் ஆர்மின்ர பின் புஷ். ரப்பர் வளையத்தில பாதிச் சுத்துக்கு வெடிப்பு, என்ர நகம் உள்ளுக்குப் போகுது. ஆர்முக்கும் அதைப் பூட்டியிருக்கிற சப் ஃபிரேமுக்கும் இடையில பாரை விட்டு நெம்பினா ஆர்ம் முன்னுக்குப் பின்னுக்கு அசையுது. ரயரின்ர உள்பக்க ஓரமும் தேஞ்சுபோச்சு. வெளியில நிண்டு பாத்தா தெரியாது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாத்தான் தெரியும்.

வாசுகி அக்கா, 10:40
ஐயோ, ரயர் போன வருசம்தானே போட்டது

சின்னமாமா, 10:45
நல்ல வேலை செய்திருக்கிறாய். வலப்பக்கம்?

நான், 10:58
வலப்பக்க புஷ்ஷில மேலால சின்ன வெடிப்பு. அசைவு இல்லை.

லண்டன் அண்ணா, 11:05
மின்சாரக் காரெல்லாம் பாரம் கூட எண்டபடியாத்தான் இப்பிடிப் போகுதோ?

சின்னமாமா, 11:12
பாரம் ஒரு காரணம்தான். இந்தச் சின்ன லீஃபே 1400 கிலோவுக்கு மேல, அதில 300 கிலோவுக்குக் கிட்ட பெட்டரி மட்டும். ஆனா இது 2014 கார். ரப்பருக்கும் வயசு போகும்தானே. எங்கட ஒழுங்கையில ஓடினா எந்தக் காரின்ர புஷ்ஷும் கிழியும். கார்க்காரனைக் குறை சொல்ல ஒண்டுமில்லை.

வாசுகி அக்கா, 11:15
புஷ் மட்டும் மாத்த ஏலாதோ மாமா? முழு ஆர்மும் வேணுமோ?

சின்னமாமா, 11:21
ஏலும். பழைய புஷ்ஷை பிரஸ்ஸில வைச்சுத் தள்ளி எடுத்துப் புதுசு அமத்தலாம். ஆனா ஆர்மின்ர சில்லுப் பக்க நுனியில இருக்கிற போல் ஜொயின்டும் அதே வயசு. ஆர்மைக் கழட்டிற கூலி எப்பிடியும் குடுக்கத்தான் போறாய். நானெண்டா முழு ஆர்மாப் போடுவன். வலப்பக்கமும் சேர்த்துப் போடு. ஆர்ம் சோடியா மாத்தவேணும் எண்டு சட்டமில்லை, ஆனா அது இன்னும் ஆறு மாசத்தில இதே மாதிரிக் கிழிஞ்சா திரும்பவும் சில்லு நேராக்கிற அலைன்மென்ட்டுக்குக் காசு. லிங்க் ரெண்டும் மலிவு, யோசிக்காமப் போடு.

அத்தான், 11:23
விலை எவ்வளவு வரும் மாமா?

சின்னமாமா, 11:24
போன் எடு, தனியச் சொல்லுறன். இஞ்ச போட்டா உன்ர மனிசி புதுக் கார் கேப்பாள்.

வாசுகி அக்கா, 11:25
2020ல இருந்து 2025 மட்டும் கார் இறக்கவே விடேல்லை. இப்ப விட்டும் விலையைப் பாத்தீங்களோ? நான் இந்த லீஃபோடயே இருக்கிறன் மாமா.

திங்கட்கிழமை

நான், 11:40
அத்தானோட பஞ்சிகாவத்தையில பார்ட்ஸ் கடைப் பக்கம் நிக்கிறன். ஒரு கடையில ஜப்பானில இருந்து வந்த பாவிச்ச ஆர்ம் காட்டினாங்கள், மற்றதில புதுசு. பாவிச்சது ஒறிஜினல், புதுசு வேற கம்பனி. எது மாமா?

சின்னமாமா, 11:44
பாவிச்சதின்ர ரப்பரைக் கிட்டப் பிடிச்சுப் பார். அதுவும் உன்ர காரின்ர வயசுதான். இரும்பு நல்லாயிருக்கும், ஆனா எங்களுக்கு இரும்பு பழுதில்லையே. ரப்பர்தானே பழுது.

நான், 11:49
வளைச்சுப் பாத்தன், மெல்லிய வெடிப்புக் கோடு தெரியுது.

சின்னமாமா, 11:50
அப்ப புதுசு எடு. போல் ஜொயின்ட் தண்டைக் கையால சுத்திப் பார். எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கமாத் திரும்பவேணும், லொடலொட எண்டு இருக்கக்கூடாது. ரப்பர் உறை கிழியாம இருக்கோ பார். இடது, வலது ரெண்டையும் பெட்டியில எழுதினதை நம்பாமப் பழைய ஆர்மின்ர படத்தோட வைச்சுப் பார். கடைக்காரனுக்கு சாசி நம்பரைச் சொல்லு. லீஃபில ZE0 எண்டும் AZE0 எண்டும் ரெண்டு மொடல் இருக்கு, சும்மா "லீஃப்" எண்டு கேட்டா கையில வந்ததைத் தந்திடுவான்.

அத்தான், 11:53
சாசி நம்பர் ஆரிட்ட இருக்கு?

வாசுகி அக்கா, 11:54
[படம்]
பதிவுப் புத்தகம். எனக்குத் தெரியும் கேப்பீங்கள் எண்டு.

சின்னமாமா, 11:56
பூட்டிற நட்டும் புதுசா வாங்கு. உள்ளுக்க பூட்டு இருக்கிற நட், ஒருக்காக் கழட்டினா திரும்பப் பாவிக்கக்கூடாது.

செவ்வாய்க்கிழமை

நான், 9:15
மாமா சொன்ன தெஹிவளைப் பாஸிட்ட நிக்கிறம். குழி உள்ள கராஜ்.

சின்னமாமா, 9:17
ஜக்கை எங்க வைக்கிறாங்கள் எண்டு நிண்டு பார். கதவுக்குக் கீழ ஓரத்தில ஜக் வைக்கிற இடம் இருக்கு. நடுவில தட்டையா இருக்கிறது பெட்டரி, அதில ஜக் படவே கூடாது.

நான், 9:58
லிங்க் நட் வரேல்லை. துருப் பிடிச்சு நட்டோட உள்தண்டும் சேர்ந்து சுத்துது. நடுவில அலன் கீ விட்டுப் பிடிச்சும் சரிவரேல்லை, கீயின்ர முனை வழுகிப்போச்சு. கடைசியில கிரைண்டரால வெட்டி எடுத்தார்.

அத்தான், 10:01
மரைன் டிரைவுக்குப் பக்கத்தில வீடு எடுத்தா கடல் காத்து இலவசம்

நான், 10:31
இடது ஆர்ம் கழண்டிட்டுது.

சின்னமாமா, 10:32
ஆர்ம் இல்லாத நேரம் சில்லுப் பிடிக்கிற நக்கிள் வெளியால தொங்கவிடாதே. கம்பியால கட்டி வைக்கச் சொல்லு. தொங்கினா சில்லைச் சுத்திற டிரைவ் சாஃப்ட் உள் ஜொயின்ட் இழுபட்டுக் கழண்டிடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடக்கூடாது.

நான், 10:35
பாஸ் அதை முதலே கட்டிட்டார் 👍

சின்னமாமா, 10:36
அப்ப ஆள் வேலை தெரிஞ்சவர்.

நான், 11:12
புது ஆர்ம் ரெண்டும் ஏத்தியாச்சு. பாஸின்ர பெடியன் போல்டை முழுக்க இறுக்கப் போறான், கார் இன்னும் ஜக்கில.

சின்னமாமா, 11:12
நிப்பாட்டு!

சின்னமாமா, 11:15
புஷ் எண்டது உள்ளுக்க ஒரு இரும்புக் குழாய், வெளியில ஒரு இரும்புக் குழாய், ரெண்டையும் ஒட்டிப் பிடிக்கிற ரப்பர். போல்டை இறுக்கினா உள்குழாய் அசையாது. பிறகு ஆர்ம் மேல கீழ போகேக்க ரப்பர்தான் முறுகும். சில்லு தொங்கிற நேரம் இறுக்கினா, காரை நிலத்தில விட்ட உடன ரப்பர் பிழிஞ்ச துவாய் மாதிரி முறுகி நிண்டிடும். கார் சும்மா நிண்டாலும் முறுகல்தான். புது புஷ்ஷும் கெதியாக் கிழியும்.

சின்னமாமா, 11:16
இப்ப போல்டைக் கையிறுக்கத்தில விடச் சொல்லு. சில்லைப் போட்டு, காரை நிலத்தில இறக்கி, நாலு தரம் அமத்தி விட்டு, பிறகு குழிக்குள்ள இறங்கி இறுக்கச் சொல்லு. லிங்கையும் அப்பவே இறுக்கலாம்.

நான், 11:20
பாஸும் அதைத்தான் சொல்லிப் பெடியனைப் பேசினார். குழியில இறங்கித்தான் இறுக்கப் போறார்.

லண்டன் அண்ணா, 11:24
நான் இங்க புது ஆர்ம் போட்ட கார் ஒண்டில வருசம் முடிய முதலே புஷ் போனது. இப்ப விளங்குது.

நான், 12:40
முடிஞ்சுது. ஒழுங்கைக்குள்ளால வந்தன். சத்தம் இல்லை. ரிவர்ஸ் டொக்கும் இல்லை.

வாசுகி அக்கா, 12:41
உண்மையாவோ!! நான் வேலை முடிஞ்சு வந்து ஓடிப் பாக்கவேணும்

சின்னமாமா, 12:44
அலைன்மென்ட் செய்யாமக் கனக்க ஓடாதேங்கோ. இந்தக் காரில முன்னுக்கு டோ (மேல இருந்து பாக்க சில்லு உள்ளுக்கோ வெளியவோ திரும்பி நிக்கிற அளவு) மட்டும்தான் திருப்பலாம். கேம்பர் (முன்னால இருந்து பாக்க சில்லு சரிஞ்சு நிக்கிற அளவு) பிழையெண்டு காட்டினா அவங்கள் சொல்லுறதைக் கேட்டுக் காசு குடுக்க முதல் எனக்குப் படம் போடு.

நான், 15:20
[படம்]
அலைன்மென்ட் துண்டு. முன்னுக்கு டோ சிவப்பில இருந்து பச்சைக்கு வந்திட்டுது. ஸ்டியரிங் நேர நிக்குது. இடது ரயரைப் பின்னுக்கு மாத்திப் போட்டாங்கள்.

சின்னமாமா, 15:26
நல்லது. அந்த ரயர் உள்ஓரம் கம்பி தெரியிற அளவுக்குத் தேய முதல் மாத்தவேணும். மாசத்துக்கு ஒருக்காப் பாருங்கோ.

பெரியம்மா, 15:40
எல்லாம் முருகன் செயல். மாமாவுக்கு மாம்பழம் அனுப்பி விடு வாசுகி

சின்னமாமா, 15:42
குட்டிக்கும் குடு, கீழ படுத்தவன் அவன்தானே. மற்றது, சில்லு நட்டை நாளைக்கு ஓடி வந்த பிறகு திரும்ப ஒருக்காப் பாக்கவேணும். 110 நியூட்டன் மீட்டருக்குக் கிட்ட. காலால மிதிச்சு இறுக்கிற விளையாட்டு வேண்டாம்.

அத்தான், 15:43
தோர்க் ரெஞ்ச் ஆரிட்ட இருக்கு?

நான், 15:44
என்னட்ட இருக்கு அத்தான். நாளைக்கு 6 மணிக்கு பார்க்கிங்குக்கு வாறன். அக்காவைக் காரை மதில் ஓரமா விடாமக் கொஞ்சம் தள்ளி விடச் சொல்லுங்கோ.