சனவரி 30: ஃபிரெட் கொரேமட்சுவைப் பிள்ளைகளிடம் எப்படி அறிமுகப்படுத்துவது?

வளைகுடாவாசி கேட்கிறார்:

வணக்கம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றில் பாடம் நடத்தி வருகிறேன். ஃபிரெட் கொரேமட்சு பிறந்த சனவரி 30ஆம் நாளைக் கலிபோர்னியா மாநிலம் 2011 முதல் அவர் பெயரால் குடிமை உரிமை நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. அந்த வாரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றித் தமிழில் ஒரு சிறு உரை நிகழ்த்தலாம் என்று எண்ணியபோது, உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் சில ஐயங்களை எழுப்பினார்கள். எனக்கும் அவை நியாயமாகவே படுகின்றன.

கொரேமட்சு தம் வழக்கில் தோற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றி முகாம்களுக்கு அனுப்பிய இராணுவ ஆணையை அவர் மீறியது குற்றமே என்று 1944 டிசம்பர் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவர் ஆணைக்கு அடங்காமல் ஓக்லாந்துப் பக்கமே தங்கிவிட்டதற்குக் காதலியைப் பிரிய மனமில்லாததும் ஒரு காரணம். அடையாளம் தெரியாதிருக்கக் கண்ணிமையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பெயரையும் கிளைட் சாரா என்று மாற்றிக்கொண்டார். ஜப்பானிய வம்சாவளியினருக்கு விதித்த ஊரடங்கை வேண்டுமென்றே மீறித் தாமாகவே காவல் நிலையத்துக்குச் சென்ற போர்ட்லாந்து வழக்கறிஞர் மினோரு யசூயியும், சியாட்டிலில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் தாமே சரணடைந்த மாணவர் கார்டன் ஹிராபயாஷியும் இருக்கும்போது, ஒளிந்து வாழ்ந்தவருக்கு ஏன் ஒரு நாள் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

சட்டப்பித்தன்:

அறுவை சிகிச்சையையும் காதலியையும் உரையிலிருந்து நீக்கிவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். பூ நாற்றங்கால் நடத்திய குடியேறிகளின் மகனாக ஓக்லாந்தில் பிறந்து, கப்பல் கட்டுமிடத்தில் வெல்டராக வேலை பார்த்து, வம்சாவளியைக் காரணம் காட்டி அந்த வேலையிலிருந்தும் நீக்கப்பட்ட 23 வயது இளைஞர் அவர். தான் பிறந்த ஊரில், தான் விரும்பிய பெண்ணோடு வாழ வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் தவறு என்ன இருக்கிறது? அந்தச் சாதாரண ஆசையைக் குற்றமாக்கியது அரசு.

1942 மே 30 அன்று சான் லியான்ட்ரோவில் ஒரு தெருமுனையில் அவர் கைதானார். அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் வட கலிபோர்னியக் கிளையைச் சேர்ந்த எர்னஸ்ட் பெசிக் சிறைக்கு வந்து, அந்த ஆணை சட்டப்படி செல்லுமா என்று பார்க்கும் ஒரு சோதனை வழக்காக இதை நடத்தச் சம்மதமா என்று கேட்டார், கொரேமட்சு சம்மதித்தார். பெசிக் 5,000 டாலர் பிணை கட்டியும் பயனில்லை, இராணுவக் காவலர்கள் அவரை விடாமல் கொண்டுபோனார்கள். எனவே உங்கள் ஆசிரியர்களின் ஐயம் கைதாகும் நாள் வரைக்குமே பொருந்தும். பெசிக்கிடம் சம்மதம் சொன்ன பிறகு அவர் எங்கும் ஒளியவில்லை.

தோற்றவர் என்பதற்கும் ஒரு விடை உண்டு, அதற்குத்தான் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. வெளியேற்றத்துக்குப் பொறுப்பான தளபதி ஜான் டெவிட், கடற்கரையிலிருந்து எதிரிக் கப்பல்களுக்குச் சமிக்ஞைகள் போவதாகத் தம் அறிக்கையில் எழுதியிருந்தார். அதில் உண்மை இல்லை என்று எஃப்.பி.ஐ.யும் வானொலி அலைகளைக் கண்காணித்த துறையும் அரசுக்குத் தெரிவித்திருந்தும், அந்தச் செய்தி உச்ச நீதிமன்றத்திடம் மறைக்கப்பட்டது. விசுவாசமானவர்களைப் பிரித்தறிய நேரமில்லை என்பதே நீதிமன்றத்தில் அரசின் வாதம். டெவிட்டின் அறிக்கையின் முதல் வடிவமோ அப்படிச் சொல்லவே இல்லை. எவ்வளவு நேரம் இருந்தாலும் அவர்களைப் பிரித்தறிய முடியாது என்றே சொன்னது. அது வெளியே தெரிந்தால் வாதம் சரிந்துவிடும் என்பதால் வாசகத்தைத் திருத்தி, பழைய பிரதிகளை எரித்தார்கள். எரியாமல் தப்பிய ஒரே பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தவர், இளம்வயதில் தாமே முகாமில் அடைபட்டிருந்த ஐக்கோ ஹெர்சிக்-யோஷினாகா. அவரும் அரசியல் அறிஞர் பீட்டர் அயன்ஸும் திரட்டிய ஆவணங்களைக் கொண்டு டேல் மினாமி தலைமையிலான இளம் வழக்கறிஞர்கள் வழக்கை மீண்டும் திறந்தார்கள். அரசுத் தரப்பில் மன்னிப்பு வழங்கும் பேச்சு எழுந்தபோது கொரேமட்சு அதை ஏற்கவில்லை. குற்றமே செய்யாதவனுக்கு மன்னிப்பு எதற்கு? 1983 நவம்பர் 10 அன்று நீதிபதி மேரிலின் ஹால் படேல் அவர்மீதான தண்டனைத் தீர்ப்பை நீக்கினார்.

பழைய ஓக்லாந்துக்காரர்:

பிள்ளைகளுக்குத் தீர்ப்புகளைவிட இடங்கள் மனத்தில் நிற்கும். சான் புரூனோவில் இன்று டான்ஃபோரான் வணிக வளாகம் இருக்கும் இடம் அன்று குதிரைப் பந்தய மைதானம். கொரேமட்சுவின் குடும்பத்தை முதலில் அங்கேதான் அடைத்தார்கள்; பிறகு அவரையும் அங்கே கொண்டுவந்தார்கள். குதிரைகள் நின்ற லாயத்துக்கு அவசரமாகச் சுண்ணாம்பு பூசி, ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, வைக்கோல் திணித்த மெத்தையைப் போட்டு, இதுதான் வீடு என்றார்கள். கதவுக்கு அடியிலும் சுவர்ப் பலகைகளின் இடுக்கிலும் காற்றும் புழுதியும் தாராளமாக வந்தன. இதைவிடச் சிறையே மேல் என்று அவருக்குத் தோன்றியதாம். அதன்பின் யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாம்.

பலரும் எழுதாமல் விடுகிற செய்தி ஒன்று உண்டு. முகாமில் இருந்த தம் மக்களிடமே அவருக்குப் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. வழக்கு நடத்தினால் அரசின் சினம் எல்லார்மீதும் திரும்பும் என்று பலர் அஞ்சினார்கள். ஜப்பானிய அமெரிக்கர்களின் முன்னணி அமைப்பே அத்தகைய சோதனை வழக்குகளை அப்போது விரும்பவில்லை. ஏறத்தாழ 1,20,000 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள், ஆணைக்குப் பணிந்து கிளம்பியபோது தனித்து நிற்பது எளிதல்ல. போருக்குப் பின் அவர் படவரைவாளராக வேலை செய்தார். தண்டனைப் பதிவு இருந்ததால் பல வேலைகள் கிடைக்கவில்லை. வீட்டில் இதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மகள் கேரன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்புத் தோழி புத்தகம் பற்றிப் பேசியபோதுதான் தந்தையின் வழக்கைக் கேள்விப்பட்டார். உங்கள் மாணவர்களின் வயதுக்கு இந்தச் செய்தியே நல்ல தொடக்கம் என்பேன்.

டெல்டாக்காரி:

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மிட்சுயே எண்டோவின் பெயர் இதுவரை வராதது வருத்தம். சாக்ரமெண்டோவில் மாநில அரசுப் பணியில் தட்டச்சராக இருந்து, வம்சாவளியின் பேரில் வேலையிழந்தவர் அவர். உடன்பிறந்த சகோதரர் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே அவரைக் குடும்பத்தோடு முகாமுக்கு அனுப்பினார்கள். கடற்கரைப் பகுதிக்குத் திரும்புவதில்லை என்று ஒப்புக்கொண்டால் விடுவிக்கிறோம் என்று அரசு சொன்னது. வெளியே போனால், தம்மை அடைத்துவைத்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்குச் செல்லாமல் போய்விடும் என்று தெரிந்து, அவர் முகாமிலேயே இருந்தார். கொரேமட்சு தோற்ற அதே நாளில் எண்டோ ஒருமனதான தீர்ப்பில் வென்றார். விசுவாசமான குடிமக்களை அடைத்துவைக்க முகாம் நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வரப்போவதை அறிந்த அரசு, முந்தின நாளே வெளியேற்ற ஆணையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து முகத்தைக் காப்பாற்றிக்கொண்டது. கொரேமட்சுவுக்கு 1998இல் அதிபர் கிளின்டன் சுதந்திரப் பதக்கம் அணிவித்தார். எண்டோவுக்கு அதிபரின் குடிமக்கள் பதக்கம் 2025 சனவரியில்தான் கிடைத்தது, அதுவும் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின். ஒருவர் நாளில் இன்னொருவரையும் சேர்த்துச் சொல்வதால் கொரேமட்சுவின் பெருமை குறையாது.

வளைகுடாவாசி:

அனைவருக்கும் நன்றி. கேரனின் வகுப்பறையில் தொடங்கி, எண்டோவையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். ஒன்று மட்டும் தெளிவாக வேண்டும்: 1944இன் தீர்ப்பு இன்றும் செல்லுமா?

சட்டப்பித்தன்:

1983இல் நீங்கியது அவர்மீதான தண்டனை மட்டுமே; மாவட்ட நீதிமன்றத்தால் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொட முடியாது. 2018இல், பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் சில நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் வர அதிபர் டிரம்ப் விதித்த பயணத் தடை பற்றிய வழக்கில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், கொரேமட்சு தீர்ப்பு வழங்கப்பட்ட நாளிலேயே பெருந்தவறானது என்று எழுதினார். அதே தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் பயணத் தடையை ஏற்றதால், பழைய தவறின் தர்க்கத்தையே புதிய வழக்கில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று நீதிபதி சோட்டோமேயர் மறுப்புரை எழுதினார். கொரேமட்சு 2005இல் மறைந்தார். அதற்குச் சற்று முன்பு, எண்பது வயதைக் கடந்தபின், கியூபாவிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவில் விசாரணையின்றி அடைபட்டவர்களுக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றத்தில் தம் பெயரில் மனு தாக்கல் செய்தார். நேரமிருந்தால் அதையும் உரையில் சேருங்கள். ஜப்பானியர் பற்றிய பழைய கதை என்று பிள்ளைகள் எண்ணிவிடாமல் இருக்க அது உதவும்.